வால்பாறைச் சாலை: மாநில நெடுஞ்சாலை 78 பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சியில் தொடங்கி வால்பாறையில் முடியும் மாநில நெடுஞ்சாலை 78இன் நீளம் ஏறத்தாழ 64 கிலோமீட்டர். நீளத்தைப் பார்த்தால் தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் இது சிறியதுதான். ஆனால் தென்னந்தோப்பு, அணை, புலிகள் காப்பகம், பாறைச் சரிவு, தேயிலைத் தோட்டம், மழைக்காட்டின் மிச்சம் என இத்தனையையும் ஒரே பயணத்தில் கடக்கும் சாலை வேறொன்று நம் மாநிலத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வரைபடத்தில் நெடுஞ்சாலை எண் இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லி வழி கேட்டால் பொள்ளாச்சியில் யாருக்கும் புரியாது. எல்லோருக்கும் இது வால்பாறை ரோடுதான்.

தேயிலையைக் கீழே இறக்க வெட்டப்பட்ட ஒரு பாதை எப்படி ஒரு தாலுகாவின் உயிர்நாடியாக மாறியது, பிறகு எப்படிச் சுற்றுலாச் சாலையாக மாறியது, அந்த மாற்றத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள், அதைக் குறைக்கச் செய்த முயற்சிகளில் எவை பலித்தன என்பதே இந்த ஆய்வின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சாலை குறுகலாக இருப்பது குறையே இல்லை. வண்டிகளின் வேகத்தையும் சாலை ஓரங்களையும் நாம் நடத்துகிற விதத்தில்தான் குறை இருக்கிறது.

பாதை

பொள்ளாச்சியை விட்டு நா.மூ.சுங்கம், அங்கலக்குறிச்சி வழியாக ஆழியாறு வரை சாலை சமவெளியிலேயே போகிறது. இருபுறமும் தென்னை. வண்டிகள் வேகமெடுக்கும் பகுதி இது, ஓட்டுநரின் கால் பழகிப்போவதும் இங்கேதான். அந்தப் பழக்கத்தோடு மலை ஏறுகிறவர்களால்தான் மேலே தொல்லை.

ஆழியாறு அணையைத் தாண்டியதும் வனத்துறைச் சோதனைச் சாவடி. அங்கிருந்து ஆனைமலை புலிகள் காப்பகம் தொடங்குகிறது. 1976இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, 2007இல் புலிகள் காப்பகமானது. சாவடிக்கு அப்பால் கவியருவி என்று இப்போது அழைக்கப்படும் குரங்கு அருவி, அதன்பின் நாற்பது வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அங்கே நின்றால் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் காலடியில் விரிகிறது. இன்னும் ஏறினால் அட்டகட்டி. காடம்பாறை நீர்மின் நிலையத்துக்கான சாலை இங்கே பிரிகிறது. பிறகு வாட்டர்பால் எஸ்டேட்டில் தேயிலை தொடங்குகிறது. மூடுபனிக்குப் பெயர்போன கவர்க்கல், அய்யர்பாடி, ரொட்டிக்கடை, புதுத்தோட்டம், கடைசியாகக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் வால்பாறை நகரம்.

நெடுஞ்சாலை எண் அங்கே முடிந்தாலும் வழி முடிவதில்லை. சோலையாறு அணை, உருளிக்கல், மழுக்குப்பாறை வழியாகக் கேரளத்தின் மலக்கப்பாறைக்குப் போய், வாழச்சால், அதிரப்பள்ளி கடந்து சாலக்குடியில் இறங்கலாம். அந்தப் பக்கம் அது கேரளத்தின் மாநில நெடுஞ்சாலை 21. வாழச்சாலுக்கும் மலக்கப்பாறைக்கும் நடுவில் உள்ள காட்டுப் பகுதியில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது.

நாற்பது வளைவுகள் ஏன்

மலைச்சாலை என்பது சரிவைச் சமாளிக்கும் கணக்கு. ஆழியாற்றிலிருந்து மேட்டுநிலத்தின் விளிம்பு வரை செங்குத்து உயரம் 800 மீட்டருக்கும் மேல். வண்டிமாடுகள் சுமையோடு ஏறக்கூடிய சரிவு இருபது அடிக்கு ஓர் அடி என்ற அளவுதான். அப்படியானால் வெறும் ஏற்றத்துக்கு மட்டுமே 16 கிலோமீட்டருக்குக் குறையாமல் சாலை வேண்டும். மலையின் முகப்போ அவ்வளவு அகலமாக இல்லை. எனவே சாலையை மடித்து மடித்துத்தான் அடுக்க முடியும். மடிக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு கொண்டை ஊசி வளைவு.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் மலைச்சாலை விதிகள் இத்தகைய வளைவுக்கு உள்வட்ட ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. வளைவில் சரிவு நாற்பதுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டக் கூடாது. வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். கடைசியாகச் சொன்னதைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வளைவுகளின் கணிதமே 20 கிலோமீட்டர் வேகத்துக்காகப் போடப்பட்டது. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டத்தில் இருக்கும் விதி. இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். பேருந்து ஓட்டுநர்கள் இதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். சமவெளியிலிருந்து வரும் கார்களில் பல அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமல் இறங்குகின்றன.

வெட்டியவர்கள்

ஆனைமலையின் காடர், மலசர், முதுவர், புலையர் போன்ற பழங்குடியினருக்கு இந்த மலையில் ஒற்றையடிப் பாதைகள் ஏராளமாக இருந்தன. சக்கரம் ஏறும் பாதைதான் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காப்பி பயிரிடும் முயற்சிகள் நடந்தன. 1875இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசர், பின்னாளைய ஏழாம் எட்வர்டு, ஆனைமலையில் வேட்டையாடத் திட்டமிட்டார். ஏற்பாடுகள் நடந்தன. காலரா பரவியதால் அந்தப் பயணம் கைவிடப்பட்டது. இளவரசருக்காகத்தான் சாலை வந்தது என்று இன்றும் சிலர் சொல்வார்கள். இன்று நாம் போகும் சாலையை உண்டாக்கியது வேட்டை இல்லை, தேயிலை.

1890களின் பிற்பகுதியில் கார்வர் மார்ஷ் என்ற தோட்டக்காரர் தோட்டம் உருவாக்க இங்கே வந்தார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் கம்பெனிகளும் வந்தனர். மலையைச் சுற்றிப் பார்த்து வண்டிப்பாதையைத் திட்டமிட்டவர் லோம். ஒன்பதாவது வளைவுக்கு அவர் பெயர்தான். கவர்க்கல் அருகே சாலையோரத்தில் மார்ஷுக்குச் சிலை இருக்கிறது. கையை நீட்டி மலையைக் காட்டியபடி நிற்கிறார்.

ஒருவருக்குச் சிலையும் ஒருவருக்குக் காட்சிமுனையும் இருக்கின்றன. பாறையைப் பிளந்தவர்களுக்கும் தடுப்புச் சுவரின் கற்களை அடுக்கியவர்களுக்கும் இந்தச் சாலையில் ஓர் அடையாளமும் இல்லை. தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் சமவெளி மாவட்டங்களுக்குப் போய், முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக மலைக்கு அழைத்து வந்தார்கள். முன்பணம் கடனாகி, கடன் அவர்களைக் கட்டிப்போட்டது. மலேரியா பலரைக் கொன்றது. கிட்டத்தட்ட நூறாண்டுகளாக அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள்தான் வால்பாறையின் மக்கள்தொகையில் பெரும்பகுதி. சாலையின் வரலாற்றை இரண்டு ஆங்கிலேயர் பெயரோடு முடித்துவிடும் வழக்கம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறையோ நகராட்சியோ அட்டகட்டியில் ஒரு கல்லையாவது அந்தத் தொழிலாளர் நினைவாக நடலாம்.

தொடக்கத்தில் தேயிலைப் பெட்டிகள் மாட்டுவண்டியில் இறங்கின. 1915இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்தபின் மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவிலிருந்த தூரம் சுருங்கியது. பின்னர் லாரி, பேருந்து. வண்டிகள் மாறின, சாலையின் வழித்தடம் மாறவில்லை. மாட்டின் மூச்சுக்கு ஏற்ப வகுத்த அதே கோட்டில்தான் இன்று பெரிய கார்கள் போகின்றன.

விடுதலைக்குப் பின் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் இந்தச் சாலைக்கு இரண்டாவது வாழ்வைக் கொடுத்தது. மேற்கு நோக்கி ஓடும் ஆறுகளின் நீரைத் தடுத்துக் கிழக்கே கோவை மாவட்டத்துக்குத் திருப்பும் திட்டம் அது. தமிழ்நாடும் கேரளமும் 1970இல் செய்துகொண்ட ஒப்பந்தம் 1958 நவம்பரிலிருந்தே நடைமுறைக்கு வருவதாக எழுதப்பட்டது. ஆழியாறு அணை, மேல் ஆழியாறு, சோலையாறு என அணைகள் எழுந்தன. 1980களின் இறுதியில் 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நீரேற்று மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. தேவை அதிகமுள்ள நேரத்தில் மேலிருந்து நீரைவிட்டு மின்சாரம் எடுப்பதும், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதே நீரை மேலே ஏற்றுவதும் அதன் வேலை.

சாலையை நம்பி இருப்பவர்கள்

2001 கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை 95,000க்கு அருகில் இருந்தது. 2011இல் அது 70,859. பத்தாண்டில் நான்கில் ஒருவர் குறைந்துவிட்டார்கள். தேயிலை விலை வீழ்ந்தது. கூலி போதவில்லை. பிள்ளைகள் படித்து, திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போனார்கள். அவர்கள் விட்ட இடத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் வந்து இலை பறிக்கிறார்கள். தேயிலையை இறக்கிய சாலை இப்போது தொழிலாளர்களையும் இறக்கிக்கொண்டிருக்கிறது.

மிச்சமிருப்பவர்களுக்கு இந்தச் சாலையைவிட்டால் நடைமுறையில் வேறு வழியில்லை. கேரளப் பக்கம் காடு, இரவில் தடை. பெரிய மருத்துவமனை, மொத்த வியாபாரம் எல்லாமே பொள்ளாச்சியிலோ கோவையிலோதான். 64 கிலோமீட்டருக்குப் பேருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கும் ஆம்புலன்ஸுக்கு நாற்பது வளைவும் நாற்பது சோதனை. தென்மேற்குப் பருவமழையில் மண்சரிந்து சாலை அடைபட்டால் தாலுகாவே துண்டிக்கப்படுகிறது. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். காட்டின் நலம் பற்றிப் பேசுகிறவர்கள், நான் உட்பட, முதலில் இந்த மக்களின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். சாலையை மூடு என்பது பதிலாகாது.

புதுத்தோட்டத்தில் நடந்தது

வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே பழைய மழைக்காட்டின் துண்டுகள் அங்கங்கே தப்பி நிற்கின்றன. நகரத்தை ஒட்டிய புதுத்தோட்டம் அவற்றில் ஒன்று, 92 ஹெக்டேர். அதன் நடுவே இந்த நெடுஞ்சாலை ஓடுகிறது.

அங்கே சிங்கவால் குரங்குகள் இருக்கின்றன. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். கருத்த உடல், முகத்தைச் சுற்றி வெளிறிய பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத விலங்கு. இயல்பில் இது மரத்தைவிட்டு அதிகம் இறங்காது. கிளை கிளையாகத் தாவி, பழத்தையும் பூச்சியையும் தேடித் தின்று வாழ்வது. 1990களில் புதுத்தோட்டத்தில் முப்பதுக்குச் சற்று மேல்தான் இருந்தன. பிறகு அந்தச் சிறிய காட்டிலேயே பல மடங்கு பெருகின. பெருகியது நல்ல செய்திதான். ஆனால் காடு பெருகவில்லை. சாலைக்கு மேலே கிளைகள் சேரும் இடங்களில் மரம் விழுந்தாலோ வெட்டப்பட்டாலோ குரங்குக்குத் தரை ஒன்றே வழி. சாலை ஓரத்தில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் நீட்டும் கைகள் வேறு காத்திருந்தன. மரத்தில் வாழும் விலங்கு தார்ச்சாலைக்கு வந்தது, சக்கரங்களில் சிக்கியது.

ஒரு குரங்கு செத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் உயிரியல் உண்மை. சிங்கவால் குரங்கு முதல் குட்டி போட ஆறு வயதைக் கடக்க வேண்டும். அடுத்த குட்டிக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு இடைவெளி. வயதுவந்த ஒரு பெண் குரங்கை இழந்தால் கூட்டம் அதை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனம் வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் சேர்ந்து இங்கே செய்த வேலை எளிமையானது. பழைய தீயணைப்பு ஹோஸ்களை ஏணிபோல் இணைத்து, சாலையின் இருபுற மரங்களுக்கும் நடுவே உயரத்தில் கட்டினார்கள். கீழே வண்டி போகும், மேலே குரங்கு போகும். முதலில் குரங்குகள் தயங்கின. பிறகு பழகிக்கொண்டன. தாய் ஒன்று குட்டியை வயிற்றோடு இறுக்கியபடி நான்கு கால்களையும் பட்டைமேல் அளந்து வைத்துப் போவதையும், இளசுகள் அதன் பின்னால் தொங்கிக் குதித்து ஓடுவதையும் பார்க்கலாம். அடியில் வண்டி ஹாரன் அடித்தாலும் அவை நிற்பதில்லை.

பாலம் மட்டும் போதாது என்பதும் விரைவிலேயே தெரிந்தது. கூட்டம் தரையில் கடக்கும் நேரங்களில் வண்டிகளை நிறுத்திவைக்க உள்ளூரிலிருந்தே காவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். கையில் ஒரு பலகை, வாயில் ஒரு விசில். வண்டி நிற்கிறது, கூட்டம் கடக்கிறது, நீட்டப்படும் பிஸ்கட் பாக்கெட் உள்ளே திரும்புகிறது. இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது இந்த மனிதர்களின் வேலைதான் என்பது என் கணிப்பு. தொழில்நுட்பத்துக்குக் கிடைக்கும் பாராட்டு அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இரவில் யானை

பகலில் குரங்கு என்றால் இரவில் யானை. வால்பாறை மேட்டுநிலத்தை நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் ஆண்டுதோறும் பயன்படுத்துகின்றன. அவை தோட்டத்துக்குள் புகுந்துவிட்டன என்று சொல்வது முறையில்லை. அவை போன தடத்தில்தான் நாம் தேயிலை நட்டோம். ஆற்றோரக் காட்டுப் பட்டைகள் வழியே இன்னும் அவை போகின்றன.

ஆராய்ச்சியாளர் எம். ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் யானையால் நேர்ந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது ஒரு செய்தி துலங்கியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் யானையைத் துரத்தப் போனவர்களோ வம்புக்கு இழுத்தவர்களோ இல்லை. வேலை முடிந்து மாலையிலோ இரவிலோ சாலையில் நடந்து வந்தவர்கள். யானை நிற்பது தெரியாமல் நேருக்கு நேர் மோதியவர்கள். தெரியாமையே கொன்றது. அப்படியானால் தெரியப்படுத்துவதுதான் மருந்து.

உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் மாலை நேரத்தில் எந்த எஸ்டேட் பக்கம் யானை நிற்கிறது என்ற வரி திரையின் அடியில் ஓடத் தொடங்கியது. தொழிலாளர்களின் கைபேசிக்குத் தமிழில் செய்தி போனது. அடுத்து, கூட்டம் அடிக்கடி கடக்கும் இடங்களில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள். ஒவ்வொரு விளக்கிலும் ஒரு சிம் கார்டு. யானையைப் பார்த்த உள்ளூர்க்காரர் பதிவு செய்யப்பட்ட தன் எண்ணிலிருந்து அழைத்தால் விளக்கு எரியும். தொலைவிலிருந்தே தெரியும். யானை போனபின் மறுபடி அழைத்து அணைக்கலாம். பொய்யாக யாரும் எரியவிடவில்லை என்பது இதன் அழகு. தங்கள் வீட்டாரும் அதே சாலையில்தான் நடந்து வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அரசுப் பேருந்துகளில் ஒலிபெருக்கி அறிவிப்பும் வந்தது. மனித மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனந்தகுமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது வெளியூர்க்காரர். செய்தி அவர் கைபேசிக்குப் போவதில்லை, சிவப்பு விளக்கின் பொருள் அவருக்குத் தெரியாது. 2025 பிப்ரவரி 4 அன்று மாலை, இதே நெடுஞ்சாலையின் டைகர் வேலி பகுதியில் காட்டு யானை ஒன்று சாலையோரம் நின்றது. இருபுறமும் வண்டிகள் நின்றுவிட்டன. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு முதியவர் எச்சரிக்கையையும் மீறி மோட்டார் சைக்கிளில் கடக்க முயன்றார். யானை தாக்கி இறந்தார். நின்றிருந்த உள்ளூர் ஓட்டுநர்கள் அனைவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. சாலை அறிவு என்பது இந்த மலையில் வேகத்தைக் குறைப்பதோடு முடிவதில்லை, காத்திருக்கத் தெரிவதும் சேர்ந்ததுதான்.

ஒன்பதாவது வளைவு

லோம்ஸ் காட்சிமுனையில் வரையாடுகள் நிற்கும். பாறை முகட்டில் வாழும் விலங்கு தடுப்புச் சுவர்மேல் ஏறி நின்று, கார் கண்ணாடியைப் பார்க்கிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் தென்பட்டவை 1,031. மாநில விலங்கு. 2022இல் அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாடு பாதுகாப்புத் திட்டமே அறிவித்தது. அப்படிப்பட்ட விலங்கு இங்கே கைக்கெட்டும் தொலைவில் இருப்பது பேறு. ஆனால் அதன் கொம்பைப் பிடித்துப் படமெடுப்பதும், துரத்துவதும், சிப்ஸ் கொடுப்பதும் நடந்திருக்கின்றன. வனத்துறை வழக்குப் பதிந்து அபராதமும் விதித்திருக்கிறது.

வேகம், ஓரம், இ-பாஸ்

ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி. அதற்குள் 25 மீட்டர் போய்விடும். நனைந்த சாலையில் முழுவதும் நிற்க மொத்தம் 60 மீட்டருக்கு மேல் ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே வேலை 25 மீட்டருக்குள் முடிகிறது. வளைவும் மூடுபனியும் உள்ள சாலையில் கண்ணுக்கு எட்டும் தூரம் பல இடங்களில் அவ்வளவுதான். குரங்கு பிழைப்பதும் சாவதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. எதிரே வரும் இருசக்கர வாகனக்காரருக்கும் இதே கணக்குத்தான்.

சாலையை அகலப்படுத்தினால் விபத்து குறையும் என்ற வாதத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே. அகலம் வேகத்தைக் கூட்டும். வளைவின் ஆரம் அப்படியே இருக்கும். இறக்கத்தில் வளைவை நெருங்கும்போது ஓட்டுநர் கையில் முன்பைவிட அதிக வேகம் இருக்கும். பேருந்துகள் எதிரெதிரே ஒதுங்கும் இடங்கள், வலுவான தடுப்புச் சுவர், மழைநீர் வடிகால், மண்சரிவைத் தாங்கும் சரிவுக் கட்டுமானம் ஆகியவற்றில் செலவிடும் பணம் மக்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஆம்புலன்ஸுக்கு வேண்டியது அடைபடாத சாலை, அகலமான சாலையைவிட அதுவே முக்கியம்.

ஓரம் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆகவே சற்று அழுத்திச் சொல்கிறேன். மலைச்சாலையின் ஓரம் வெறும் களைப்புதர் இல்லை. வெட்டிய மண்சுவரில் பெரணியும் காசித்தும்பையும் பாசியும் படர்ந்து மண்ணைப் பிடித்திருக்கின்றன. தவளைகளுக்கும் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளுக்கும் அது வீடு. பராமரிப்பு என்ற பெயரில் ஆண்டுதோறும் அதை அடியோடு வழித்தெடுத்தால் மண் வெளியே தெரியும், மழையில் கரையும், அந்த இடத்தில் லான்டானா போன்ற அயல்புதர் முளைக்கும். ஓட்டுநருக்குப் பார்வை தெரிய வேண்டிய உள்வளைவுகளில் வெட்டலாம், வெட்டவும் வேண்டும். மற்ற இடங்களில் வேண்டாம். நீளமாக எழுப்பும் கான்கிரீட் சுவரிலும் இடைவெளி விட வேண்டும். சாலைக்கு வந்துவிட்ட விலங்கு வெளியேற வழியின்றி வண்டிக்கு முன்னால் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை புரியும்.

2025 நவம்பர் 1 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வால்பாறைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதமே வந்த முறை இது. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வாகனங்களுக்கும் விலக்கு உண்டு. விடுதி நடத்துவோரும் வாடகைக் கார் ஓட்டுவோரும் வருமானம் போய்விடுமோ என்று அஞ்சினார்கள். தேயிலை கைவிட்ட ஊரில் சுற்றுலாதான் மிச்சமிருக்கும் பிழைப்பு, அச்சம் நியாயமானது. ஆனாலும் இதை நான் வரவேற்கிறேன். வெளியூர்க்காரரின் கைபேசி எண் நிர்வாகத்திடம் முதன்முறையாக முறைப்படி வந்து சேர்கிறது. யானை விளக்கு ஏற்பாட்டில் நான் சொன்ன ஓட்டையை அடைக்கும் துண்டு இதுதான். பாஸ் கொடுக்கும்போதே அவர் மொழியில் ஒரு செய்தி அனுப்பலாம்: ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் நில்லுங்கள், குரங்குக்கு உணவு கொடுக்காதீர்கள். அன்றைக்கு யானை நிற்கும் இடத்தையும் அவர் தங்கியிருக்கும் நாட்களில் அனுப்பலாம். இரண்டு ஏற்பாடுகளும் தனித்தனியே இருக்கின்றன, இணைப்பதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இணைக்க வேண்டியவர்கள் யார் என்பதுதான் சிக்கல். சாலை நெடுஞ்சாலைத் துறையின் சொத்து. ஆழியாறு சாவடியும் காடும் வனத்துறையிடம். புதுத்தோட்டம் தனியார் தோட்டம். குப்பை நகராட்சியின் பொறுப்பு, குரங்கை நகரத்துக்கு இழுப்பதில் அதற்குப் பெரும்பங்கு. இந்த நால்வரும் மழைக்கு முன்பாக, ஏப்ரலிலேயே, ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த ஆண்டு எந்த ஓரத்தை வெட்டுவது, எந்த மரத்தை விடுவது, எந்தப் பாலத்தின் பட்டையை மாற்றுவது, குரங்குக் காவலர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று முடிவு செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். காவலர்களின் சம்பளத்தை இ-பாஸ் சாவடிச் செலவோடு சேர்த்து அரசே ஏற்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. இரண்டாவது, நெடுஞ்சாலைத் துறை இந்தச் சாலைக்கு விடும் ஒவ்வொரு டெண்டரிலும் கிளைகள் சேரும் இடங்களின் பட்டியலை இணைத்து, அங்கே மரம் வெட்ட வனத்துறையின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்.